எதோடு சேரும், யாரோடு சேரும்

மார்ச் 3, செவ்வாய். காலை 8:40. 1,200 பாட்டில்.

நூறு பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு. இரண்டு முறை எண்ணிவிட்டேன். ஒன்றுகூட உடையவில்லை. ஒன்றுகூட விற்கவும் இல்லை. கிடங்கில் வந்து இறங்கி ஒன்பது நாள்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. இந்த ஒயின் கம்பெனியில் நான் குளிர் அறை டெக்னீஷியனாகச் சேர்ந்தவன். கம்ப்ரசர், கேஸ்கெட், தெர்மோஸ்டாட். படித்தது அதுதான். போன வருஷம் முதலாளியம்மா விலை உயர்ந்த சிவப்பு ஒயின் ஒன்றைத் திறந்தார். எல்லோரும் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். "நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வருது, தக்கை கெட்டிருக்கு" என்றேன். கெட்டுத்தான் போயிருந்தது. அன்றிலிருந்து, எந்த ஒயினை வாங்கலாம் என்று குடித்துப் பார்த்துச் சொல்கிற சுவை மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி.

ஜனவரியில் முப்பத்தொரு மாதிரியில் இந்தச் சரக்கைத் தேர்ந்தெடுத்தது நான்தான். டிரை வெள்ளை. விலை குறைவு. பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், இப்போதுதான் கழுவிவிட்ட சிமெண்ட் தரை, அந்த மாதிரி வாசனை. சுத்தமான சாமான். வந்த வருஷமே குடித்துவிட வேண்டிய ரகம், அலமாரியில் வைத்து அழகு பார்க்க முடியாது.

முதலாளியம்மா இன்று சொன்னது: "ஏப்ரல் முப்பதுக்குள்ள ஆயிரத்து இருநூறும் போகணும். போச்சுன்னா அந்த நாற்காலி உனக்கு நிரந்தரம். போகலைன்னா ஸ்பேனரை எடுத்துக்கிட்டு குளிர் அறைக்கே போயிடு."

"நியாயம்தான் மேடம்" என்றேன்.

நியாயம்தான். மூன்றாவது முறையும் எண்ணப் போனேன்.

மார்ச் 5, வியாழன்

இரண்டு பெட்டி போனது. மீதி 1,176.

விற்பனை பார்க்கிற அண்ணனுக்குக் கிடங்கில் 'சர்க்கரை' என்று பெயர். பேச்சு அப்படி. கடை கடையாகப் போய்விட்டு மத்தியானம் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, டிரைன்னா என்னன்னு கேக்கறாங்கடா."

"இனிப்பு இல்லாததுன்னு சொல்லுங்க."

"சொன்னேன். அப்ப சர்க்கரை வியாதிக்காரங்களுக்கான்னு கேட்டாங்க. இன்னொருத்தர் தண்ணி ஊத்தாம குடிக்கிறதான்னு கேட்டார். மூணாவது கடையில, டிரையா போச்சுன்னா பழைய சரக்கு, எங்க தலையில கட்டப் பாக்கறியான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மூணு பேருக்கும் ஆமான்னேன்."

இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் 1,176 பாட்டில் விற்க வேண்டும்.

முதலாளியம்மா ஒரு யோசனை சொன்னார். பாட்டில் கழுத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு அட்டை. ஒயின் எப்படி இருக்கும், எந்தச் சாப்பாட்டோடு சேரும் என்று அதில் போட வேண்டும். எழுத வேண்டியது நான். இருபத்தைந்து வார்த்தைக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்களாம். முதலில் அந்த 'டிரை'க்கு ஒரு வார்த்தை வேண்டும். உலர்ந்த? உலர்ந்தது திராட்சை. காய்ந்த? காய்ந்தது துணி. வறண்ட? வறண்டது என் மூளை.

மார்ச் 8, ஞாயிறு

அக்காவிடம் கொடுத்துப் பார்த்தேன். அவளுக்கு என்னைவிட ஆறு வயது கூட. பல் மருத்துவமனையில் உதவியாளர். டாக்டர் பல்லைக் குடைய, இவள் பக்கத்தில் நின்று குழாயால் எச்சிலை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு வருஷமாக அதே குழாய். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், மூன்றாவது மாடி, ஒன்றரை அறை. அரை என்னுடையது.

ஒரு மிடறு குடித்தாள். வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"இதுக்கா டிரைன்னு பேரு?"

"ஆமா."

"எங்க கிளினிக்ல டிரைன்னா வாயில எச்சிலே இல்லாதது. இது ஊத்துதேடா. குழாய் வைக்கணும் போல இருக்கு."

உலர்ந்தது என்று பெயர், குடித்தால் வாய் ஊறுகிறது. இதை ஏன் யாருமே எனக்குச் சொல்லவில்லை? புளிப்பு அதிகம், சர்க்கரை இல்லை, அதனால் ஊறுகிறது. ஊறுகிற வாய்க்குச் சாப்பாடு கேட்கும். எந்தச் சாப்பாட்டோடு அதிகம் ஊறுகிறதோ அதுதான் சரியான ஜோடி. இது கருத்து இல்லை, அளக்கலாம்.

அக்கா கொண்டுவந்து வைத்திருந்த பஞ்சுச் சுருள் ஒரு டப்பா இருந்தது, கன்னத்துக்குள் வைக்கிற வகை. ஒன்று 0.35 கிராம். ஆபீஸ் சுவை மேசையின் சின்னத் தராசை எடுத்து வந்தேன். ஒரு வாய் சாப்பாடு, ஒரு மிடறு ஒயின், விழுங்கு, சுருளைக் கன்னத்தில் வை, முப்பது விநாடி, எடு, நிறு.

"நாள் பூரா அடுத்தவங்க எச்சில். வீட்டுக்கு வந்தா என் எச்சிலா?"

"அறிவியல் அக்கா."

"உனக்கு யாருடா பொண்ணு குடுப்பா?"

மார்ச் 9, திங்கள்

அக்காவுக்குக் கன்னம் வலிக்கிறதாம். இருபத்திரண்டு சுருள்தானே?

மார்ச் 15, ஞாயிறு

முடிந்தது. ஒயின் மட்டும் குடித்தால் 1.6 கிராம். உருளைக்கிழங்கு வறுவலோடு 2.7. எதிர்பார்க்கவே இல்லை. எண்ணெயும் உப்பும் நாக்கில் படிய, இது வந்து துடைத்துவிட்டுப் போகிறது, அடுத்த வறுவலுக்குக் கை தானாகப் போகிறது. பொரித்த மீன் 2.5. இறால் 2.4. ஆட்டுப்பால் சீஸ் 2.4 (அக்கா இதற்கு மட்டும் இரண்டாவது முறை அளக்கச் சொன்னாள், பிறகு மூன்றாவது முறை). தோலோடு வாட்டிய கோழி 2.2. வேகவைத்த முட்டை 2.0, வெள்ளரிக்காய் 1.9.

சாக்லேட் — 0.9. அக்காவின் முகம் ஒரு பக்கமாகப் போய்விட்டது. காரம் தூக்கலாகப் போட்ட இறைச்சிக்கு எண் நன்றாகத்தான் வந்தது, ஆனால் அது ஊறல் இல்லை, அழுகை. கணக்கில் சேர்க்கவில்லை.

எட்டு டிகிரியில் வைத்துக் கொடுத்தால் எல்லா எண்ணும் கொஞ்சம் ஏறுகிறது. அறை வெப்பத்தில் கொடுத்தால் எலுமிச்சை ஜூஸில் ஸ்பிரிட் ஊற்றின மாதிரி இருக்கிறது.

மார்ச் 18, புதன்

அட்டைக்கு எழுதிக் கொடுத்தது, வார்த்தைக்கு வார்த்தை:

"பொருத்தம் பார்த்துச் சொல்கிறோம். வெள்ளை. மெலிந்த உடம்பு. இனிப்புப் பேச்சு கிடையாது. செலவு குறைவு. எதோடு சேரும்? கொழுப்பும் உப்பும் உள்ளதோடு. எதோடு சேராது? அழைத்துக் கேளுங்கள்."

கீழே ஆபீஸ் நம்பர். நாக்கில் கனமில்லாத ஒயினுக்கு எங்கள் மேசையில் 'மெலிந்த உடம்பு' என்றுதான் பேர். 'ஒயின்' என்ற வார்த்தையைப் போடவில்லை. பாட்டில் கழுத்தில் தொங்கப் போகிற அட்டையில் 'இது ஒயின்' என்று எழுதுவதற்கு முட்டாளாக இருக்க வேண்டும். கம்பெனி பெயரும் வேண்டாம், அது பாட்டிலிலேயே இருக்கிறது.

அச்சகக்காரர் மாலையில் ஃபோன் செய்தார். "தம்பி, புரூஃப் அனுப்பிட்டேன். ஒண்ணு ரெண்டு இடத்துல பிழை இருந்துச்சு, திருத்திட்டேன், பாத்துக்கங்க." நான் கம்ப்ரசருக்கு அடியில் படுத்திருந்தேன். "பாத்துட்டேன், அடிங்க" என்றேன். நாற்பது வருஷமாக அச்சடிக்கிறவர். ஒரு அட்டையில் அப்படி என்ன தப்பு வந்துவிடப் போகிறது?

மார்ச் 23, திங்கள்

மீதி 1,068. அட்டை இன்று வருகிறது. சர்க்கரை அண்ணன் என்னைக் கேட்காமலே கூடுதலாக மூவாயிரம் அடிக்கச் சொல்லி, காலைப் பேப்பருக்குள் வைத்து வீடு வீடாகப் போட ஏற்பாடு செய்துவிட்டார். முதல் முறையாக உருப்படியான வேலை.

மார்ச் 24, செவ்வாய்

உருப்படியான வேலை இல்லை.

காலை 7:50க்கு முதல் ஃபோன். ஒரு பெண்மணி. குரலிலேயே கையில் பிரம்பு இருந்தது, டீச்சராகத்தான் இருக்க வேண்டும். நினைவிலிருந்து அப்படியே எழுதுகிறேன்:

"பொருத்தம் பாத்துச் சொல்றீங்களாமே?"

"ஆமாங்க. உங்ககிட்ட என்ன இருக்கு?"

"எங்க வீட்ல ஒண்ணு இருக்கு. மூணு வருஷமா தேடறோம்."

மூன்று வருஷமா? சரி, சாப்பாட்டு விஷயத்தில் கண்டிப்பானவர் போல என்று நினைத்தேன்.

"கொழுப்பு எப்படி?"



"...கொஞ்சம் இருக்கும். செல்லமா வளந்துச்சு."

"அப்ப கவலையே படாதீங்க. கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் இது வெட்டிடும்."

"வெட்டிடுமா? கோவக்காரங்களா?"

"கோவம்னு இல்ல. எடுத்த எடுப்புல புளிப்பாத் தெரியும். முடிவு சுத்தமா இருக்கும்."

"பாக்க எப்படி? வெள்ளைன்னு போட்டிருக்கு."

"பேருக்குத்தான் வெள்ளை. வெளிச்சத்துல வச்சுப் பாத்தா வெளிர் மஞ்சள்."

"உடம்புக்கு ஏதாவது...?"

"பன்னிரண்டு சதவீதம்தான்." ஆல்கஹாலைச் சொன்னேன்.

"வயசு என்ன?"

"ஒண்ணரை."

"இருபத்தொண்ணரையா?"

"ஒண்ணரைங்க. ரெண்டுக்கு மேல வச்சிருந்தா வீணாப் போயிடும்."

ஃபோனை வைத்துவிட்டார். இரண்டு நிமிஷத்தில் அவருடைய கணவர் ஃபோன் செய்தார். அவர் சொன்னதை எழுத மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் அட்டையைப் பார்த்தேன். அச்சகக்காரர் 'எதோடு' என்று இருந்த இடத்திலெல்லாம் 'யாரோடு' என்று திருத்தியிருக்கிறார். கொழுப்பு, உப்பு வரி மொத்தமாகக் காணோம். ஓரத்தில் தங்க நிறத்தில் ரெண்டு கிளி.

ஃபோன் செய்தேன். "மனுஷங்களைப் போய் எதுன்னு எழுதுவாங்களா தம்பி? கல்யாண விஷயத்துல கொழுப்புன்னெல்லாம் போடக் கூடாது, அதான் எடுத்துட்டேன். கிளிக்குக் காசு வாங்கல." அவருடைய அச்சகத்தில் பத்துக்கு ஒன்பது கல்யாணப் பத்திரிகை. அவர் மேல் என்ன தப்பு? அட்டையில் ஒயின் என்ற வார்த்தையே இல்லையே. எந்த முட்டாள் எழுதினான்?

மார்ச் 25, புதன்

பத்தொன்பது ஃபோன். ஒயினுக்கு ஒன்றுகூட இல்லை. ஒருவர் படத்தோடு வரன் குறிப்பே அனுப்பிவிட்டார், பையன் சிவில் இன்ஜினியர்.

முதலாளியம்மா: "நான் ஒயின் கம்பெனி நடத்தறேனா, கல்யாண ஆபீஸ் நடத்தறேனா?" கோபமாகத்தான் கேட்டார். ஆனால் அந்தச் சிவில் இன்ஜினியர் குறிப்பைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

இன்னும் முப்பத்தாறு நாள். பேசாமல் குளிர் அறைக்கே போய்விடலாமா? அங்கே எது கெட்டாலும் சத்தம் போட்டுச் சொல்லும்.

மார்ச் 28, சனி

இன்று வந்தவர் ஃபோன் செய்யவில்லை, நேரிலேயே வந்துவிட்டார். பெரிய கைப்பை, அதைவிடப் பெரிய மூக்குக் கண்ணாடி. கல்யாணத் தகவல் மையம் நடத்துகிற அம்மா. இரண்டு தெரு தள்ளி ஆபீஸ். என் அட்டையை மேசையில் போட்டார்.

"இருபத்தாறு வருஷமா இதே ஊர்ல இந்தத் தொழில் பண்றேன். யாருப்பா நீ? லைசென்ஸ் இருக்கா?"

"ஒயின் விக்கத்தான் இருக்கு."

நடந்ததைச் சொன்னேன். எச்சில், பஞ்சு, தராசு, கிளி, எல்லாம். சிரிக்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாய் ஊறுமா? உண்மையாவா?"

"1.6 கிராம். முப்பது விநாடில."

அதற்கு அவர் சொன்னதுதான் விஷயம். அவருடைய ஆபீஸ் மாடியில் ஒரு கூடம் இருக்கிறது. பெண்ணும் பையனும் முதல் தடவை பார்த்துப் பேசுவது அங்கேதான். "உக்காருவாங்க. ரெண்டு பேர் வாயும் காஞ்சு போயிடும். நாக்கு அண்ணத்துல ஒட்டிக்கும். தண்ணியா குடிச்சுத் தள்ளுவாங்க. கடைசி வரைக்கும் பேசறது ரெண்டு அம்மாக்களும்தான். வீட்டுக்குப் போய் 'அவர் ரொம்ப அமைதி', 'அவ ரொம்ப அடக்கம்'னு சொல்லி வேண்டாம்னுடறாங்க. பாதி வரன் எனக்குப் பேச்சு வராமத்தான் போகுது."

குளிர் அறையிலிருந்து ஒன்றை எடுத்து வந்து ஊற்றினேன். பாதிக் கிளாஸ். வறுவல் பாக்கெட் என் பையிலேயே இருந்தது. மூன்று வறுவல் சாப்பிட்டார், மறுபடி குடித்தார். பிறகு முக்கால் மணி நேரம் பேசினார். என் வேலை, வயது, அக்கா ஏன் கட்டிக்கொள்ளவில்லை, நான் ஏன் முகத்தை இப்படி வைத்திருக்கிறேன் — எல்லாம்.

ஒரு பெட்டி எடுத்துப் போனார்.

ஏப்ரல் 4, சனி

தகவல் மையத்து அம்மா காலையிலேயே ஃபோன். நேற்று பார்த்த ஜோடி இரண்டு மணி நேரம் பேசினார்களாம். பையன் தனக்குக் கடன் இல்லை, ஆனால் குறட்டை உண்டு என்று அவனாகவே சொல்லிவிட்டானாம். பெண் சிரித்துவிட்டாளாம்.

"எட்டு டிகிரில குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"அதையெல்லாம் யாருப்பா பாத்தா? ஆறு பெட்டி அனுப்பு."

கூடவே நான்கு உணவகக்காரர்களின் நம்பர் கொடுத்தார். நான்கு பேருக்கும் அவர்தான் கல்யாணம் முடித்து வைத்தாராம், மறுக்க முடியாது. அந்த டீச்சர்கூட மறுபடி ஃபோன் செய்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "பொரிச்ச மீனுக்குச் சரி வருமா?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லும்போது 'மீன்' என்ற வார்த்தையை எட்டு தடவை சொன்னேன்.

மீதி 804.

ஏப்ரல் 12, ஞாயிறு

சாப்பிடும்போது அக்கா சாதாரணமாகச் சொன்னாள்: "அளந்த நாள்லெல்லாம் நான் வெறும் வயித்தோட இருந்தேன். சாப்பிட விடாம நீ பஞ்சைக் கொண்டுவந்து திணிச்ச. எதைக் காட்டினாலும் எச்சில் ஊறித்தான் இருக்கும்."

"ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

மொத்த அளவும் குப்பை. வயிறு நிறைந்த பிறகு மறுபடி எல்லாவற்றையும் அளந்தேன். வறுவல், மீன், இறால், சீஸ், கோழி தாக்குப்பிடித்தன. முட்டையும் வெள்ளரிக்காயும் விழுந்துவிட்டன. வெறும் ஒயினைவிடக் குறைவு. புதிதாக அடித்த அட்டையில் (இந்தத் தடவை நானே வரி வரியாகப் படித்தேன்) அந்த இரண்டும் இருக்கின்றன.

அறுநூறு அட்டையில் பேனாவால் அடித்தேன். கை வீங்கிவிட்டது. சர்க்கரை அண்ணன், "முட்டை தின்னுட்டு யார் தம்பி வந்து சண்டை போடப் போறா?" என்றார். தப்பு என்றால் தப்புதானே.

தகவல் மையத்து அம்மாவிடமும் சொன்னேன், பழைய எண்ணெல்லாம் பசியில் எடுத்தது என்று. "என் ஆளுங்க மட்டும் என்ன? பசியிலதான்பா வருவாங்க" என்றார். "ஆனா ஒண்ணு. உன்னை மாதிரி எல்லாரும் இருந்தா இந்த ஊர்ல ஒரு கல்யாணமும் நடக்காது."

ஏப்ரல் 17, வெள்ளி

455.

ஏப்ரல் 25, சனி

161. தூக்கம் வரவில்லை. எண்ணிப் பார்த்தால் வருகிறது.

ஏப்ரல் 29, புதன்

காலை: 48 பாட்டில். நான்கே பெட்டி. தகவல் மையத்து அம்மா நாளைக்கு ஒரு விருந்துக்கு நாற்பத்தெட்டையும் கேட்டுவிட்டார். நாளை பத்து மணிக்கு ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒரு பாட்டிலைத் திறந்து ருசி பார்த்தேன், நன்றாக இருந்தது, சரக்கு அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். அதில் மிச்சமிருந்ததை அக்காவுக்கு எடுத்து வந்தேன், கொண்டாடலாம் என்று. விருந்துக்கு நாற்பத்தேழு போதும், பேசிக்கொள்ளலாம்.

மாலை 6:30. ஒரு மிடறு குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இது அது இல்லடா."

"அதேதான். லேபிளைப் பாரு."

"லேபிளை நான் குடிக்கல. வாய் ஊறல. வேகவச்ச ஆப்பிள் மாதிரி இருக்கு."

"காலைல நான் குடிச்சுப் பாத்தேன் அக்கா. எனக்குத் தெரியாதா?"

"நின்னுக்கிட்டே குடிச்சிருப்ப."

நின்றுகொண்டேதான் குடித்தேன். பஞ்சு வைத்தோம். 0.8. மறுபடி வைத்தோம். 0.8.

இரண்டு பேருந்து மாறிக் கிடங்குக்குப் போனேன். நான்கு பெட்டியிலும் அடியில் பழைய ஒட்டு டேப். சர்க்கரை அண்ணனுக்கு ஃபோன் போட்டதும் விஷயம் வந்தது. ஒரு கடை திருப்பிக் கொடுத்த பெட்டிகள். அவர் மூன்று நாள் வண்டியிலேயே வைத்து, வெயிலில் நிறுத்தி, பிறகு கொண்டுவந்து புதுசோடு அடுக்கியிருக்கிறார். வெந்துவிட்டது. நாற்பத்தெட்டும் வெந்துவிட்டது.

அதே ஃபோனில் இனிக்க இனிக்கச் சொன்னார்: "தம்பி, விருந்துல யாருக்குடா தெரியப் போகுது? உன் நாற்காலியை நினைச்சுப் பாரு."

அதைத்தானே நினைச்சுக்கிட்டிருக்கேன். ரெண்டு மாசமா வேற என்னத்த நினைச்சேன்? யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியலையே. அதான் எரியுது — எனக்கே தெரியல.

ஏப்ரல் 30, வியாழன்

8:15க்கு முதலாளியம்மா அறைக்குப் போனேன்.

"எத்தனை?"

"1,152."

"பத்து மணிக்கு மிச்சம் போகுதில்ல?"

"போகாது மேடம். வெந்து போச்சு. கீழ ஊத்தணும்."

நேற்றே என் கையெழுத்து விழுந்திருக்கிறதே என்று சீட்டை எடுத்துக் காட்டினார். "ஆமா. சரியா பாக்காம போட்டேன். கண்டுபிடிச்சது நான் இல்ல, எங்க அக்கா" என்றேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். வாயில் வந்துவிட்டது.

சீட்டை மடித்து இழுப்பறையில் போட்டார். "உங்க அக்காவை வரச் சொல்லு."

மருத்துவமனை முடிந்து 5:30க்கு வந்தாள், அந்த நீலச் சட்டையோடு. முதலாளியம்மா எட்டு கிளாஸ் வைத்தார். மூன்றில் வெந்தது, ஐந்தில் நல்லது, எங்களுக்கு முதுகைக் காட்டி ஊற்றினார். முதலில் நான். எட்டுக்கு ஆறு. பிறகு அக்கா. உட்கார்ந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். எட்டுக்கு எட்டு. அதோடு நிற்கவில்லை, "இதுல சோப்பு சரியா கழுவல" என்று ஐந்தாவது கிளாஸைத் தள்ளி வைத்தாள்.

"எத்தனை வருஷமா பல் ஆஸ்பத்திரி?"

"எட்டு."

"வாரத்துக்கு மூணு நாள் இங்க வர முடியுமா? இந்த மேசைக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தேன். பதினொன்றில் இருந்தது, சரியாக.

"அது இவன் நாற்காலிங்க" என்றாள்.

"பேசினபடி 1,200 போகல. இல்லையா?" என்று முதலாளியம்மா என்னிடம் கேட்டார்.

"போகல மேடம்."

"நீ என்ன சொல்ற?"

எட்டுக்கு ஆறு, எட்டுக்கு எட்டு. இதில் சொல்ல என்ன இருக்கிறது? "அக்காதான் சரி" என்றேன். அப்போது என் கன்னத்தில் பஞ்சு வைத்திருந்தால் 0.0 காட்டியிருக்கும்.

மே 3, ஞாயிறு

இரண்டு நாள் அக்காவோடு சரியாகப் பேசவில்லை. அவளும் விட்டுவிட்டாள். இன்று காலை, "வேண்டாம்னு சொல்லிடவாடா?" என்று கேட்டாள். "பைத்தியமா உனக்கு?" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. பிறகு வறுவல் பாக்கெட்டைப் பிரித்து நடுவில் வைத்தாள்.

தகவல் மையத்து அம்மா விருந்துக்கு வேறு எதையோ வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருக்கிறார். கோபம் இல்லையாம். "வர்ற லாட்ல நூறு பெட்டி எனக்குத் தனியா எடுத்து வை" என்றார். முதலாளியம்மா இருநூற்றைம்பது பெட்டிக்கு ஆர்டர் எழுதிவிட்டார். அதே தோட்டம், அதே ஒயின். நான் தேர்ந்தெடுத்தது. அதை யாரும் மாற்ற முடியாது.

நாளையிலிருந்து செய்ய வேண்டியது:

1. குளிர் அறை இரண்டாவது கதவின் ரப்பர் கேஸ்கெட்டை மாற்று. ரெண்டு மாசமாகக் காற்று கசிகிறது. நீதான் பார்க்கவில்லை.

2. டெலிவரி வண்டியில் குளிர்ப்பெட்டி பொருத்து. சாவி சர்க்கரை அண்ணனிடம் இருக்கக் கூடாது.

3. கடையிலிருந்து திரும்பி வருகிற பெட்டிக்குத் தனி அலமாரி. சிவப்பு டேப்.

4. மாதிரிகளை முந்தின நாளே எட்டு டிகிரியில் வை. பாட்டில்மேல் எண் மட்டும், விலை தெரியக் கூடாது.

5. மேசை நாற்காலியின் உயரத்தைக் குறை. அக்காவுக்குக் கால் தரையில் படாது.

6. வேலை நேரத்தில் அவளை 'மேடம்' என்று கூப்பிடலாமா என்று யோசி. யோசித்தாயிற்று. முடியாது.

7. செவ்வாய் காலை எட்டு மணிக்கு வருகிறாள். கிடங்குக் கதவு கனம், வெளியிலிருந்து இழுத்தால் வராது. உள்ளே இருந்து நீ திறந்துவிடு. எதுவும் சொல்லாதே.